கேத்திக்கு ஒரு டிக்கெட்

ஏழாம் வகுப்புக்கு நீலகிரி மலை ரயில் பாடத்தை இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறேன். பல்சக்கரத் தண்டவாளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஜனவரி மாதம் கேத்திப் பள்ளத்தாக்கில் ஏன் உறைபனி படிகிறது, இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படம் போட்டுச் சொல்வேன். ஆனால் அந்த ரயிலில் நான் ஏறியதில்லை. "மிஸ், நீங்க போயிருக்கீங்களா?" என்று இதுவரை எந்தப் பெண்ணும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன்.

போகாததற்குக் காரணம் என் கணவர் பத்ரிநாராயணன். கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, சாம்பாரில் உப்பு இல்லை என்றால்கூடச் சத்தம் போடாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அவரிடம் இருந்த ஒரே பழக்கம், துணைக்கு வருவது. தையல்காரரிடம் போனால் துணைக்கு வருவார். பல் டாக்டரிடம் போனால் துணைக்கு வருவார். மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து என் பள்ளிக்கூடம் நாலு தெரு. இருபது வருஷம் என்னை அதன் கேட் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் தன் ஆபீசுக்கு பஸ் பிடித்தார். ஸ்டாஃப் ரூமில் எனக்கு 'பார்சல்' என்று பெயர். "தனியா போகாதே ஜலஜா, நான் வரேன்" என்பதுதான் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னிடம் அதிகம் சொன்ன வாக்கியம். மலை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. காது அடைத்துத் தலை சுற்றும். அவர் வர முடியாத இடத்துக்கு நான் எப்படிப் போவது? கரும்பலகையிலேயே நீலகிரி ஏறி இறங்கினேன்.

தொண்ணூற்று நாலு நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். மூன்று நாள் அழுதேன். நிஜமாகவே அழுதேன். நாலாம் நாள் கூடத்தில் பாயைப் போட்டுக் குறுக்காகப் படுத்து எட்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் முதலில் வெட்கம் வந்தது, அப்புறம் பசி வந்தது.

ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன். அவருடைய முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் முடிந்து, அதை நடத்திவைத்த வாத்தியார் செருப்பு மாட்டிக்கொண்டு போனதும், பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் திட்டம் போட உட்கார்ந்தேன். ஜனவரி ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ். சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் மலை ரயில். கேத்தியில் இறங்கி, பள்ளத்தாக்கில் படகர்களின் ஊர்கள் வழியாக நடை. ஒரு ராத்திரி தங்கல். ஞாயிற்றுக்கிழமை காலை புல்லில் பனி பார்த்துவிட்டு லவ்டேல் வரை நடை, மத்தியானம் இறங்குகிற ரயில், திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு வகுப்பில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. "குளிர்றதா? கால் வலிக்கிறதா? காபி குடிக்கிறியா?" என்று யாரும் கேட்கக் கூடாது. குளிர்ந்தால் குளிரட்டும்.

பூனாவில் வேலை பார்க்கும் என் பெண் வர்ஷினியிடம் போனில் சொன்னேன். "போயிட்டு வாம்மா. யாரண்டயும் பர்மிஷன் கேக்காதே" என்றாள். அவள் என் வயிற்றில் பிறந்தவள்.

மாம்பலம் ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுன்ட்டரில் காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்றேன். நாற்பத்தாறு வயதில் ரிசர்வேஷன் பாரத்தை நான் நிரப்புவது அதுதான் முதல் தடவை. ஒரு தடவைதானே போகிறேன், முதல் வகுப்பிலேயே போவோம் என்று எழுதினேன். பெயர் ஜலஜா, பெண், 46. கீழே இருந்த ஐந்து வரியும் காலி. அந்தக் காலி வரிகளைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பாரத்தை வாங்கித் தட்டினார். மெஷின் கிறீச்சிட்டு டிக்கெட்டைத் துப்பியது. "ரெண்டு பேர், ஃபர்ஸ்ட் கிளாஸ். சரி பாத்துக்கோங்க மேடம்."

டிக்கெட்டில் பெண் 46, ஆண் 54 என்று இருந்தது.

"நான் ஒருத்திதானே எழுதினேன்?"

அவர் பாரத்தை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். முதல் வரியில் என் கையெழுத்து. இரண்டாம் வரியில் பெரிய ஆங்கில எழுத்தில் பத்ரிநாராயணன். ஆண். 54. ஐந்தின் மேல்கோடு தனியாகப் பறந்துகொண்டிருந்தது. அப்படி ஐந்து போடுகிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். அவர் ஐம்பத்து மூன்றில் போனார். இருந்திருந்தால் இப்போது ஐம்பத்து நாலு.

"பேனா உங்களுதுதான மேடம்? ஒரே இங்க்" என்றார் கிளார்க். ஆமாம், என் பேனாதான். அது என் கையை விட்டு இறங்கவே இல்லை.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நான் பதறவில்லை. டீச்சர் பதறினால் வகுப்பு போச்சு. இருபத்தைந்து வருஷப் பழக்கம், கை தானாக எழுதியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து கவுன்ட்டரில் கேன்சல் பாரம் வாங்கி, ஆண் 54-ஐ மட்டும் அடித்து, ஒருத்திக்கான டிக்கெட்டாக மாற்றி வாங்கினேன். அதை மூன்று தடவை படித்தேன். பெண் 46. வேறு எதுவும் இல்லை. வெளியே வந்து ரங்கநாதன் தெரு முனையில் நின்று, யாரும் கேட்காமலேயே ஒரு காபி குடித்தேன்.

தங்குவதற்கு இடம் சொன்னவர் எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். கேத்தி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஹபீபுர் ரஹ்மான் என்பவர் நாலு அறை வாடகைக்கு விடுகிறார், குடும்பஸ்தர், பெண்கள் பயமில்லாமல் தங்கலாம் என்றார். ஒரு அறை, ஒரு கட்டில் போதும் என்று இன்லண்ட் லெட்டர் எழுதிப் போட்டேன். மார்கழி பிறந்து, விடியற்காலையில் மாட வீதியிலிருந்து பஜனைச் சத்தம் கேட்க ஆரம்பித்த வாரத்தில் பதில் வந்தது. அழகான கையெழுத்து.

"மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது. ஜனவரி ஆறாம் தேதிக்கு அறை வைத்திருக்கிறேன். ஒரு கட்டில் போதும் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் போன சனிக்கிழமை சார் நேரில் வந்து அறையைப் பார்த்தார்கள். அம்மாவுக்குத் தனியாக இருந்து பழக்கமில்லை என்று சொன்னார்கள். ஆகையால் இரண்டு கட்டில் போட்டுவிட்டேன். சாருக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். டீ கொடுத்தேன். குடிக்காமலே போய்விட்டார்கள். குளிர் அதிகம், கம்பளி கொண்டு வரவும்."

காதில் பஞ்சு. மூக்கிலும் இருந்ததா என்று அவர் எழுதவில்லை.

அன்றைக்கு வகுப்பில் அட்லஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினேன் என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் போவதில்லை என்று மட்டும் தோன்றவில்லை. வீம்பு என்றால் வீம்புதான். வேறு யாரோ ஒரு ஜலஜாவின் கணவர் வந்திருப்பார், ரஹ்மான் குழப்பிக்கொண்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு கட்டில் போட்டால் என்ன, ஒன்றில் நான் படுப்பேன், இன்னொன்றில் என் பையை வைப்பேன்.

புது வருஷத்துக்கு மறுநாள் மாலை தி. நகர் போய், பாண்டி பஜார் நடைபாதையில் நேபாளிப் பெண்கள் விற்கிற ஸ்வெட்டர் ஒன்றும் குரங்குக் குல்லா ஒன்றும் வாங்கினேன். பஸ்ஸில் நசுங்க முடியாமல் ஆட்டோ பிடித்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் 'அன்வர் பாஷா' என்று பெயின்ட்டில் எழுதி இரண்டு பக்கமும் பூ போட்டிருந்தது. ஆள் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தெருவில் நான் இறங்கி, காசு கொடுத்து, இரண்டு படி ஏறியபோது பின்னால் கூப்பிட்டார்.

"யம்மா, சீக்கிரம் எறங்கச் சொல்லுமா. எனக்கு லஸ்ஸாண்ட ஒரு சவாரி வெயிட்டிங்ல கீது."

"யாரை?"

"இன்னாமா யாரைன்ற? சாரத்தான். பஜார்லேந்து கம்முனு குந்திகினு வராரு, ஒரு வார்த்த பேசல. காதுல பஞ்சு வேற. ஒடம்பு கிடம்பு சரியில்லியா நைனாவுக்கு? கை குடுத்து எறக்கட்டுமா?"

ஆட்டோவின் உள்ளே இருட்டாக இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. தைரியம் இருந்தவள் மாதிரி இதை எழுதப் போவதில்லை.

"அவர் இறங்கியாச்சு" என்றேன்.

அன்வர் பாஷா திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். "அட, ஆமா. எப்ப எறங்கினாரு?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். தெருவில் எனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. அதைவிட, எனக்கு முன்னால் யாரோ மாடிப்படி ஏறிவிட்டார் என்ற எண்ணம்தான் தாங்க முடியவில்லை. மாடிக்குப் போகாமல் கீழ் வீட்டுப் பங்கஜத்தின் கதவைத் தட்டினேன்.

பங்கஜம் திருநெல்வேலிப் பக்கம். அவள் கணவர் சண்முகவேலுக்கு உஸ்மான் ரோட்டில் ஜவுளிக் கடை. பதினைந்து வருஷமாகக் கீழ் வீடு. என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். டிக்கெட், கடிதம், ஆட்டோ, மூன்றையும் சொன்னேன். "எல்லாம் உன் பிரமை" என்று அவள் சொல்லுவாள், நான் சிரித்துவிட்டு மேலே போவேன் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சர், ஒரு விசயம் ஒரு வருசமா நெஞ்சுல வச்சிருக்கேன். சொன்னா என்னைய வெறுத்துருவீங்க."

"சொல்லு."

"சார் போனது சனிக்கெழமலா?"

சனிக்கிழமை இறந்தவருக்கு வழித்துணை வைத்து அனுப்புவது இந்தப் பக்கத்து வழக்கம். சில வீடுகளில் பாடையில் கோழிக்குஞ்சு கட்டுவார்கள். எங்கள் ஆத்தில் உடலோடு ஒரு தேங்காயை வைத்து அனுப்புவார்கள். வைக்காவிட்டால் போனவர் துணை தேடித் திரும்பி வருவார் என்று பேச்சு. அன்றைக்கு வாத்தியார் அதைச் சொல்லித்தான் என் மைத்துனர் கடைத்தெருவுக்கு ஓடித் தேங்காய் வாங்கிவந்தார். அதுவரை எனக்குத் தெரியும்.

"மறக்கக் கூடாதுன்னு உங்க கொழுந்தனார் அத வாசல் ஜன்னல்ல வச்சிருக்காவ. மறந்துட்டுப் போயிட்டாவ" என்றாள் பங்கஜம். "எல்லாரும் போனப்புறம் நான் வீட்டக் கழுவிவிட வந்தேன். பாத்தா ஒரு தேங்கா கெடக்கு. நீங்க காலைலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல. சமையலுக்கு வாங்கினதுன்னு நெனச்சு எடுத்திட்டுப் போயி ஒடச்சி..."

அவள் முடிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு நினைவு வந்துவிட்டது. ரசம் சாதமும், மிளகாய் வறுத்து அரைத்த தேங்காய்த் துவையலும். என் மைத்துனர் வீட்டார் பங்கஜத்தின் கையால் சாப்பிட மாட்டார்கள். அவர்களுக்குத் தனியாகச் சமையல்காரர் வந்தார். வர்ஷினி மறுநாள்தான் பூனாவிலிருந்து வந்து சேர்ந்தாள். நான் ஒருத்திதான் அந்தத் தட்டில் உட்கார்ந்தேன். பசியில் எனக்குக் கண் தெரியவில்லை. துவையல் அவ்வளவு ருசியாக இருந்தது. மறுநாளும் கேட்டு வாங்கி, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். அவரோடு போக வேண்டிய துணையை மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தவள் நான்.

"இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் பங்கஜம். துவையல் சாப்பிட்டா செத்தவா வருவாளா?" என்று கத்தினேன். கத்தியது அவளைப் பார்த்து இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

"உசுருக்கு ஒண்ணும் பண்ணாது டீச்சர். ஆனா விடாது. எங்க ஊர்ல ஒருத்தி இப்பிடித்தான். சாகுற வரைக்கும் முப்பது வருசம் ரெண்டு எல போட்டுத்தான் சாப்பிட்டா. தனியா ஒரு நாழி இருந்ததில்ல. கெணத்தடிக்குப் போனாலும் ரெண்டு நெழலு விழும்."

முப்பது வருஷம். எனக்கு இப்போது நாற்பத்தாறு. எங்கள் குடும்பத்தில் பெண்கள் எண்பதுக்குக் குறைந்து போனதில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்து நடுங்கியதற்குப் பெயர் பயம் இல்லை. அலுப்பு. அவரை நான் வெறுக்கவில்லை, இதைத் திரும்பச் சொல்கிறேன். எனக்கு இரண்டு நாள் தனியாக இருக்க வேண்டும். உலகத்தில் வேறு எதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை.

"இதுக்கு வழி இல்லையா?"

பங்கஜம் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள். "சார் இருக்க வேண்டிய எடத்த, வேத்து ஆள் ஒருத்தர் வாய்விட்டுக் கேக்கணும். நீங்களா குடுக்கக் கூடாது, அவங்களா கேக்கணும். 'இங்க யாரும் வரல, ஒக்காருங்க'ன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். உங்கள விட்டுரும்."

"விட்டு?"

அவள் என் மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "அது அவங்க பாடு" என்று அடுக்களையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

அடுத்த மூன்று நாளும் அதையே யோசித்தேன். முன்பின் தெரியாத ஒருவர். வேலைவெட்டி இல்லாமல் வாயாடிக்கொண்டு, தனிமையே பிடிக்காத ஒரு ஆள் கேட்டால் எவ்வளவு நல்லது. துணை கிடைத்தது என்று சந்தோஷப்படக்கூடச் செய்யலாம். ரயிலில் அப்படிப்பட்டவர்களுக்கா பஞ்சம்? இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டே ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்தேன். மடிக்கும்போது கூடத்து நாற்காலி லேசாக முனகியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்ட்ரலுக்கு நேரத்தோடு போய்விட்டேன். முதல் வகுப்பில் எந்த அறை என்பது சார்ட் ஒட்டினால்தான் தெரியும். பெட்டி வாசலில் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்துத் தேடினேன். இரண்டு பேர் மட்டும் படுக்கிற சின்ன அறை, கூப்பே என்பார்கள், புருஷன் பெண்டாட்டிக்குப் பார்த்துக் கொடுப்பது. அதற்கு நேரே ஜலஜா, பெண், 46. அடுத்த வரி பத்ரிநாராயணன், ஆண், 54. கேன்சல் செய்த ரசீது என் கைப்பையில் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கவும் தோன்றவில்லை.

கூப்பேயில் கீழே ஒரு நீள சீட், மேலே ஒரு பெர்த். கதவைச் சாத்தாமல் உட்கார்ந்து என் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பிளாட்பாரத்தில் கூட்டம் நெரிந்தது. யாராவது வந்து கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். கொக்கு மாதிரி காத்திருந்தேன் என்று சொல்ல எனக்கே இப்போது கூச்சமாக இருக்கிறது.

வண்டி கிளம்பக் கால் மணி இருக்கும்போது ஒரு பெண் கதவுப் பக்கம் தலையை நீட்டினாள். இருபத்து மூன்று வயது இருக்கலாம். சுடிதார், கேன்வாஸ் ஷூ, முதுகில் பை. கையில் மடித்த காகிதம் ஒன்று.

"ஆன்ட்டி, நான் பக்கத்து கேபின். லாவண்யா. அங்க ஒரு ஃபேமிலி, மூணு குழந்தைங்க, ஒரே கச்சேரி. இந்த மேல் பெர்த் காலியா இருந்தா டி.டி.ஆர்கிட்ட கேட்டு மாத்திக்கலாமான்னு... இங்க யாராவது வராங்களா?"

அவளாகவே கேட்டுவிட்டாள். வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். என் நாக்கு நுனியில் வார்த்தை வந்து நின்றது.

"எங்கே போறே?" என்று ஏனோ கேட்டுவிட்டேன்.

"கேத்தி பக்கம் ஆன்ட்டி. ஊட்டி வரைக்கும் போகல. சின்னச் சின்ன ஊரா இறங்கி நடக்கலாம்னு." காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். ஹில்குரோவ், ரன்னிமேடு, கேத்தி, லவ்டேல். பக்கத்தில் மணி, அம்புக்குறி, நடக்க வேண்டிய தூரம். ஒரு இடத்தில் 'பனி!' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். "கோடம்பாக்கத்துல வீடு. ஆபீஸ் டூர்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். எங்க வீட்ல தனியா எங்கயும் விட மாட்டாங்க. கடைக்குப் போனாக்கூட அண்ணன் கூடவே வருவான். தனியா போறது இதான் ஃபர்ஸ்ட் டைம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பயமும் சந்தோஷமும் கலந்து முகமெல்லாம் சிவந்திருந்தது. அந்தச் சிரிப்பைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

அப்போதும் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். இதில் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இஷ்டமில்லை. யாரும் வரல, உட்காரும்மா. மூணே வார்த்தை. நாளைக் காலையில் கேத்தியில் நான் ஒருத்தியாக இறங்குவேன். எண்பது வயது வரை ஒருத்தியாக இருப்பேன். இந்தப் பெண் எங்கே போனாலும், எந்த மலையில் எந்தப் புல்லில் நின்றாலும், குளிர்றதா என்று கேட்க ஒரு ஆள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். இவள் இன்னும் ஒரு ஊரைக்கூடத் தனியாகப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல். செத்தும் என்னை இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்திய மனிதர்மேல்.

"வரார்மா" என்றேன். "என் ஆத்துக்காரர் வரார். அது அவர் பெர்த்."

"ஓ, சாரி ஆன்ட்டி."

"இதுக்கென்ன சாரி. நீ உன் இடத்துக்குப் போ. குழந்தைகள் பத்து மணிக்குத் தூங்கிடும். காலம்பற மலை ரயில்ல ஜன்னல் சீட்டை யாருக்கும் விட்டுக் கொடுக்காதே. யார் வந்து துணைக்கு உக்காரட்டுமான்னு கேட்டாலும் வேண்டாம்னு சொல்லு. கேட்டியா?"

நான் போட்ட அதட்டலில் மிரண்டு தலையாட்டிவிட்டு அவள் பக்கத்து கேபினுக்குப் போனாள். அவள் போனதும் அழுதேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பிளாட்பாரத்து ஆட்கள் பார்க்காதபடி அழுதேன். அவர் இறந்த நாளில்கூட நெஞ்சு இப்படி வலிக்கவில்லை.

விசில் ஊதினார்கள். வண்டி ஒரு தடவை குலுங்கி நகர்ந்தது. பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் டி.டி.ஆர் வந்தார். தலை நரைத்த, சாந்தமான மனிதர். என் டிக்கெட்டை வாங்கினார். அதில் ஒருத்திதான் இருந்தது. அவர் அதை ஒரு தரமும் சார்ட்டை ஒரு தரமும் பார்த்துவிட்டு, இரண்டு பெயருக்கும் நேரே டிக் அடித்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு காரிடாரைப் பார்த்தார்.

"சார் ரொம்ப நேரமா வெளியிலயே நிக்கறாரேம்மா. குளிர்காத்து அடிக்குது. உள்ள வரச் சொல்லுங்க."

"வருவார்" என்றேன். "அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை."

டி.டி.ஆர் அடுத்த கேபினுக்குப் போனார். நான் சீட்டில் பக்கத்தில் வைத்திருந்த என் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.